ஒரு வெங்காயத் தோல்கூட

ஜனவரி 9

அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து பார்த்துவிட்டீர்கள், அதனால் அதை எழுதவில்லை. உங்கள் முதுகுவலி தேவலையா?

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. என் வீட்டில் இருந்த நேரம் முழுக்க நீங்கள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். "வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்றீர்கள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தவர் எங்கே குடித்தீர்கள்? தட்டு வைத்தேன். அண்ணனுக்கு அவசர வேலை என்று எழுந்துவிட்டீர்கள். எனக்கு என்ன வேலை என்று அண்ணன் உங்களைப் பார்த்து முழித்ததை நானும்தான் பார்த்தேன்.

அண்ணி, அந்த நாற்றம் எங்களுடையது இல்லை. உங்களுடையது. உங்கள் நகரத்துக் குப்பை லாரிகள் விடிந்ததிலிருந்து என் வாசலைத் தாண்டித்தான் கிடங்குக்குப் போகின்றன. அந்தக் குப்பை மலை எதனால் நாறுகிறது தெரியுமா? காகிதம் நாறாது, பாட்டில் நாறாது. நீங்கள் கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி அனுப்பும் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் முட்டை ஓடும்தான் நாறுகின்றன. பைக்குள் காற்றில்லாமல் வெந்து அழுகி, கறுப்புத் தண்ணீராக வடிந்து எங்கள் கிணற்றுக்கு வருகிறது. அதையே மண்ணில் போட்டிருந்தால் இரண்டு மாதத்தில் மண்ணாகப் போயிருக்கும்.

நான் தைத்துக் கொடுத்த பள்ளிச் சீருடைகள் மொத்தமும் போன வாரம் திரும்பி வந்துவிட்டன. துணியில் வாடை அடிக்கிறதாம். துவைத்துக் காயப்போட்டால் இன்னும் மோசம். வேறு காற்றுக்கு நான் எங்கே போக?

உங்கள் சமையலறையிலிருந்து வந்ததற்கு என் வீட்டில் மூக்கைப் பொத்தாதீர்கள். அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 21

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுவலி அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு நன்றி. கேட்டுவிட்டு அதே முதுகில் குத்தியதற்கும் நன்றி. உன் வீட்டுக்காரருக்கு வியாபாரம் எப்படிப் போகிறது?

போனில் பேசலாம் என்றுதான் எடுத்தேன். நீ பாதியில் கத்துவாய், நான் வைத்துவிடுவேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது, முழுக்கப் படித்தே ஆக வேண்டும். ஆகவே படி.

எனக்கு அன்று ஜலதோஷம். நம்பினால் நம்பு.

நகரத்தில் எத்தனை லட்சம் வீடு இருக்கிறது? அத்தனை பேரையும் விட்டுவிட்டு நான் ஒருத்திதான் உன் கண்ணுக்குத் தெரிந்தேனா? லாரியை நானா ஓட்டுகிறேன்? நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து சமைத்து, மிஞ்சியதைப் பையில் கட்டி வாசலில் வைக்கிறேன். ஊரே செய்வதைத்தான் செய்கிறேன். உன் வீட்டுக்காரரின் பஞ்சர் கடை யாரை நம்பி ஓடுகிறது? அந்த லாரிகளின் டயரை நம்பித்தானே?

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்து, "பாப்பா எழுத்து நல்லா திருந்திடுச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் குடும்பத்துக்கு வாய் முழுவதையும் உனக்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நேற்று இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி மொட்டைமாடியில் வைத்துவிட்டேன். இனிமேல் என் வீட்டிலிருந்து ஒரு வெங்காயத் தோல்கூட உன் தெருவுக்கு வராது. உன் மேல் பாசத்தில் செய்யவில்லை. இன்னொரு முறை நீ என்னை இப்படிக் கேட்கக்கூடாது என்பதற்காகச் செய்கிறேன்.

உன் மகள் சின்னவளை விசாரித்ததாகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போய்விட்டது.

உன் பேச்சைக் கேட்டு மூன்று வாரமாக எல்லாவற்றையும் தொட்டிக்குள் போட்டேன். சோறு, பழத்தோல், டீத்தூள், ஒன்று விடவில்லை. மூடியை இறுக்கி மூடி வைத்தேன். நேற்றுத் திறந்தால் உள்ளே ஒரே சேறு. புழு நெளிகிறது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் மாடியில் துணி காயப்போட வந்தவர், "ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். அன்று மாலையே எங்கள் குடியிருப்புச் செக்ரட்டரி படியேறி வந்துவிட்டார்.

"மேடம், இது மொட்டைமாடியா, மாட்டுக்கொட்டகையா?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும் சார்."

"ரெண்டு நாள் இல்ல, ரெண்டு நிமிஷம்" என்றவர், காவலாளியை விட்டு இரண்டு தொட்டியையும் இறக்கி வாசலில் வீசச் சொன்னார். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்தச் சேற்றை நான்தான் கையால் வாரினேன்.

மண்ணாகப் போகும் என்று எழுதினாயே, இதுவா மண்? இப்போது சந்தோஷமா உனக்கு?

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றது நிம்மதி. இங்கேயும் பரவாயில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுத நினைத்தேன். எழுத மாட்டேன். நன்றாகக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். மூடியை இறுக்கி மூடச் சொன்னது யார்? நீங்கள் செய்தது உரம் இல்லை. எங்கள் ஊர்க் கிடங்கையே சின்னதாகத் தொட்டிக்குள் செய்திருக்கிறீர்கள். காற்றுப் போகாத இடத்தில் ஈரம் சேர்ந்தால் அப்படித்தான் அழுகும்.

தொட்டியின் பக்கவாட்டிலும் அடியிலும் துளை போடுங்கள். அடியில் காய்ந்த இலை ஒரு கை உயரம். ஒவ்வொரு நாளும் நீங்கள் போடும் ஈரத்துக்கு மேல் அதே அளவு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட்டு மூடுங்கள். வாரம் இரண்டு தடவை அடிவரை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். மீந்த சோற்றை அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு பிடி, அதுவும் நடுவில் புதைத்து.

எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பின்புறத்திலும் குழி இருக்கிறது. மலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் எங்களிடமிருந்து அந்த மலைக்கு எதுவும் போவதில்லை. சிரிப்பாக இல்லை?

தொட்டியை வீசிய அந்த ஆளைச் சும்மாவா விட்டீர்கள்? என்னிடம் எழுதிய நாலு வரியை அவரிடம் பேசியிருக்கலாமே.

சின்னவள் ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. இங்கே விடாத மழை.

நாத்தனார்


மார்ச் 24

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டாலும் நீ உண்மையைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் தொட்டி.

நீ சொன்னபடி செய்தேன். செக்ரட்டரியிடம் போய், "மாடி எல்லாருக்கும் பொதுன்னா எனக்கும் பொதுதான். நாறினா நானே எடுத்துடறேன், நாறாத வரைக்கும் கை வைக்காதீங்க" என்றேன். மறுபடி வைத்தேன். இப்போது நாறவில்லை. நடுவில் கையை விட்டால் சுடச்சுட இருக்கிறது, எனக்கே முதலில் பயமாகிவிட்டது. அடியில் உள்ளது கறுத்து உதிரியாகி, மழை பெய்து ஓய்ந்த மண் மாதிரி மணக்கிறது. பல் டாக்டர் மோந்து பார்த்துவிட்டு அவர் வீட்டுத் தோலையும் கொண்டுவந்து போட ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டு ஆசிரியையும்தான். தினம் ஒரு பை வாசலில் வைத்த நான் இப்போது பத்து நாளைக்கு ஒரு முறை வைக்கிறேன். அதிலும் ஈரம் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. பையில் கட்டிய காலத்தில் எவ்வளவு வீணாக்குகிறேன் என்று நான் பார்த்ததே இல்லை. தொட்டியில் போடும்போது பார்த்துத்தானே போட வேண்டியிருக்கிறது. ஒரு ஆள் வயிறார உண்ணும் சோற்றைத் தினமும் கொட்டியிருக்கிறேன். இப்போது உலையில் அரிசியைக் குறைத்துவிட்டேன்.

இனி நீ பதில் சொல்ல வேண்டியது. உன் அண்ணன் பையில் காய்ந்த இலை இருக்கிறதா என்று தேடினேன். தினமும் ஆபீசிலிருந்து வரும்போது பூங்காவில் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இலைக்கு அடியில் நீல இன்ஹேலர் மூன்று, குழந்தைகளுக்கான அளவு. என் கடையில் வாங்கவில்லை, வேறு கடை. இருபது வருஷமாக மருந்து விற்கிறவள் வீட்டில் வேறு கடை மருந்து!

"யாருக்கு?" என்றேன். நகத்தைப் பார்த்தார்.

"சின்னவளுக்கா?"

"பாப்பா உன்கிட்ட சொல்ல வேணாம்னா."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா. மாசம் மூணு."

ஒரு மாதத்துக்கு மூன்று தீர்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உன் அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பிள்ளைக்கு மூச்சுத் திணறல் கட்டுக்குள் இல்லை. அவள் பள்ளிக்குப் போகாததற்கு மழை என்றாயே? பிப்ரவரி முழுக்க இங்கே ஒரு தூறல் இல்லை. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உனக்கு மட்டும் எந்த வானம் பெய்தது?

என்னிடம் மறைத்ததற்கு என்ன காரணம்? எழுது.

அண்ணி


ஏப்ரல் 16

பாப்பாவுக்கு,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. உன் அண்ணன் வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறதாம், பஞ்சர் கடையும் பூட்டியிருக்கிறதாம். பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு வரத் தெரியவில்லை அவருக்கு, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஐந்து நாளாக மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் நீ இருக்கும் திசையில் வானம் கறுப்பாக இருக்கிறது. கிடங்கு எரிகிறது என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். "மழை வந்தா அணைஞ்சிடும்" என்று ஒருவர் சொன்னார். அவருக்கு மாத்திரையைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன்.

திட்டியாவது எழுது. பிள்ளை எப்படி இருக்கிறாள்?

அண்ணி


ஏப்ரல் 26

அண்ணிக்கு,

உங்கள் முதல் கடிதம் அப்போதே வந்தது, பதில் எழுத மனம் வரவில்லை. இரண்டாவது கதவிடுக்கில் கிடந்தது. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

கிடங்கு எரிந்தது. அழுகிய சோற்றிலிருந்து வரும் வாயுதான் பற்றிக்கொள்கிறதாம், மேலே தண்ணீர் அடித்தால் உள்ளே எரிகிறது. இரண்டாம் நாள் சின்னவளின் உதடு நீலமாகிவிட்டது. இன்ஹேலருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார். லாரிக்காரர் ஒருவர்தான், குப்பையோடு இருந்த வண்டியைத் திருப்பி, எங்களை ஆஸ்பத்திரியில் விட்டார். பதினொரு நாள் படுக்கையில் இருந்தாள். இப்போது எழுந்து நடக்கிறாள், படியேறினால் உட்கார்ந்துவிடுகிறாள்.

ஏன் மறைத்தேன் என்றா கேட்கிறீர்கள்? உங்களிடம் பரிதாபம் வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருந்தால் நிமிர்ந்து நின்று பேசலாம். நோயாளிப் பிள்ளையைக் காட்டினால் குனிந்துதான் பேச வேண்டும். அதனால்தான்.

நாளையிலிருந்து எங்கள் தெரு மொத்தமும் சாலையில் உட்காரப்போகிறோம். ஒரு லாரி உள்ளே போகாது. முதல் ஆளாக இவர் கடையை மூடிவிட்டார். "டயர் ஒட்டித்தான் இவளுக்குச் சோறு போடணுமா, வேற ஏதாவது ஒட்டிக்கறேன்" என்றார். எங்கள் ஊர் இத்தனை வருஷம் நாறியது, இனி உங்கள் ஊர் நாறும். நீங்களும் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

நாத்தனார்


மே 6

பாப்பாவுக்கு,

சின்னவள் மூச்சு எப்படி இருக்கிறது? ராத்திரி எழுந்து உட்காருகிறாளா? மழுப்பாமல் எழுது.

திட்டவில்லை. ஊர் நாறுகிறது, நன்றாக நாறட்டும். எல்லாத் தெருவிலும் வாசலை மறித்துக் குப்பை கிடக்கிறது. நாய்கள் பையைக் கிழித்து இழுக்கின்றன. என் கடைக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை கேட்டு வரிசை நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "ரோட்டுல உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்கிறார்கள். "இருந்துச்சு, நம்ம வேலையால போயிடுச்சு" என்கிறேன். முதலாளி என்னைக் கல்லாப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வாசலில் மற்ற வீட்டுப் பைகள் இடுப்புயரம் கிடக்கின்றன. பல் டாக்டர், ஆசிரியை, நான், எங்கள் மூன்று வீட்டுப் பை மட்டும் அதில் இல்லை. நேற்று செக்ரட்டரி வந்தார்.

"மேடம், அந்தத் தொட்டிங்க... இன்னும் நாலஞ்சு கிடைக்குமா?"

"எது சார்? வாசல்ல வீசினீங்களே, அதுவா?"

"அப்ப நிலைமை வேற, மேடம்."

"அப்பவும் இதே நிலைமைதான் சார். நாத்தம் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்துச்சு, அவ்வளவுதான்."

கதவைச் சாத்தலாம் என்று கை போனது. சாத்தவில்லை. துளை போடக் காட்டிக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். இப்போது மாடியில் ஒன்பது தொட்டி.

சின்னவளை இங்கே அனுப்பு. கேட்கவில்லை, சொல்கிறேன். உன் அண்ணன் ஓர் அறையைக் காலி செய்துவிட்டார்.

அண்ணி


மே 11

அண்ணிக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். சின்னவள் உட்கார்ந்துகொண்டுதான் தூங்குகிறாள். கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

அவளை அனுப்ப மாட்டேன்.

முந்தாநாள் சுகாதார அதிகாரி வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, "யாருக்கு மூச்சுத் திணறல்? கூப்பிடுங்க பார்க்கலாம்" என்றார். இரண்டு வருஷத்தில் வசதிப்பட்டவர்கள் எல்லோரும் பிள்ளைகளை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாலே பிள்ளைகள். "இவ்வளவுதானா?" என்றார் அந்த மனிதர். அண்ணி, அந்த நாற்காலியைப் பிடுங்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஒவ்வொருவராக நாங்கள் போகப் போக, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ஆள் குறைந்தால் இந்தத் தெரு செத்துவிடும். பிறகு இந்தத் தெருவிலும் குப்பையைக் கொட்டுவார்கள்.

வரும் திங்கட்கிழமை போலீஸ் காவலோடு லாரிகளை உள்ளே விடப்போகிறார்களாம். நாங்கள் எழுந்திருக்கப் போவதில்லை.

பாப்பா


மே 22

உங்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நான் நலம். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

"போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பியவள் ஏன் வரவில்லை என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நான் பாப்பாவுக்குப் பக்கத்தில் சாலையில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். முன்னால் போலீஸ் வேன், பின்னால் வரிசையாக லாரிகள். முதல் வண்டி நம் தெருவுக்கு வருகிற வண்டி. டிரைவர் எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்களா! உங்க தெருக் குப்பைதான் இது" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுந்துபோய் ஒரு பையை இழுத்து, அந்தச் சுகாதார அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொண்டுபோய் அவிழ்த்துக் கொட்டினேன். அவருடைய காகிதத்தின் மேலேயே. இருபது நாள் ஊறிய சோறும் தோலும்.

"சார், இது நாங்க சாப்பிட்ட மிச்சம். இவங்க சாப்பிட்டது இல்ல. இதைத்தான் இந்தப் பிள்ளைங்க மூச்சா இழுக்குதுங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பாப்பா விடவில்லை. "உட்காருங்க சார். நாங்க எந்திரிச்சு எங்க போறது?"

எங்களை வேனில் தூக்கிப் போட்டார்கள். சாயங்காலம் விட்டார்கள். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டதால் அதிகாரிக்கு வேறு வழியில்லை. சாப்பாட்டுக் கழிவு கலந்த வண்டி கிடங்குக்குள் போகக்கூடாது, வாசலில் பையைத் திறந்து பார்க்கத் தெருவாசிகள் இருவர் நிற்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குத்தான். இன்று முதல் நாள். பாதி வண்டிகளைத் திருப்பி அனுப்பினோம். அந்த டிரைவர்களிடம் வாங்கிய வசவில் என் காது இன்னும் சூடாக இருக்கிறது.

சின்னவள் இரண்டு மாதமாவது வேறு காற்றில் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பாப்பா அப்போதும் முடியாது என்றாள். "ஒரு ஆள் போனா ஒரு ஆள் இருக்கணும், அதானே உனக்கு? நான் இருக்கேன்" என்றேன். அவள் எழுந்துபோய்ப் பிள்ளையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவளை அவளுடைய அப்பா அங்கே கொண்டுவந்து விடுவார். கடையில் இரண்டு மாதம் லீவு சொல்லிவிட்டேன், தராவிட்டால் வேறு கடை. தொட்டிகளைப் புதனும் சனியும் கிளறுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒன்றரை வருஷம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அது தீர்ந்தால் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி


மே 29

உனக்கு,

சிராய்ப்புக்கு மருந்து போட்டாயா? ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பாய், உனக்குப் போட்டுக்கொள்ள மாட்டாய். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சின்னவள் வந்த முதல் ராத்திரி இருமினாள். இரண்டாம் ராத்திரி கொஞ்சம். நேற்று மல்லாந்து படுத்துத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பாவிடம் சொல்.

லாரி மறுபடி வர ஆரம்பித்ததும் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மாடியில் இருக்கும் தொட்டிகளை எல்லாம் எடுக்க வேண்டுமாம், இனி அவை தேவையில்லையாம். நான் வழக்கம்போலப் படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். சின்னவளும் கூட வந்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று நன்றாக மூச்சை இழுத்தாள்.

"மாமா, இங்க ஏன் நாத்தமே இல்ல?"

"இங்க குப்பை இல்லைடா."

"இத்தனை வீடு இருக்கே. அப்ப இவங்க குப்பையெல்லாம் எங்க?"

அவளை ஆசிரியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நேராகக் கீழே போனேன். நோட்டீஸைக் கிழித்தேன். செக்ரட்டரி வீட்டுக் கதவைக் கையால் தட்டாமல் காலால் தட்டினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. "தொட்டில கை வெச்சுப் பாருடா" என்றது மட்டும் நினைவிருக்கிறது. "டா" வேறு போட்டுவிட்டேன். நான் கத்தியது கடைசி மாடி வரை கேட்டதாம். பல் டாக்டர் துண்டைக் கட்டிக்கொண்டே ஓடி வந்துவிட்டார்.

தொட்டிகள் இருக்கின்றன. புதன்கிழமை கிளறிவிட்டேன். சனிக்கிழமையும் கிளறுவேன்.

உன் கணவன்